ஒன்பதாம் எழுத்து

மின்னணு இரைச்சலைக் கணிப்பொறியில் செய்து பார்ப்பது என் தொழிலாக இருந்தது. இப்படிச் சொன்னால் சிலர் ஒலிபெருக்கி வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். விவரம் அறிந்தவர்களோ, ஒரு குறையைப் போய் யாராவது பாடுபட்டு உண்டாக்குவார்களா என்று கேட்பார்கள். சென்ற மாதம் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, ஒரே வரிக் கட்டளையில் பத்து லட்சம் இரைச்சல் எண்களைத் திரையில் கொட்டிக் காட்டி, "இதுக்கா மேடம் உங்களுக்கு ஒரு வருசம் ஆச்சு?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அந்த எண்கள் சரியானவை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்தானே மேடம் குடுத்துச்சு" என்றாள். அந்தத் துறையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய அந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தொழிலை முதலில் விளக்கிவிடுகிறேன். அகச்சிவப்பு என்பது கண்ணுக்குப் புலப்படாத வெப்ப ஒளி. தூசுப் படலத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் விண்மீன்களைப் பார்ப்பதற்காக, அந்த ஒளியை உணரும் சில்லு ஒன்றைத் தொலைநோக்கியின் உள்ளே வைப்பார்கள். அந்தச் சில்லு முழு இருட்டில் மூடிக்கிடந்தாலும் சும்மா இருக்காது. தன் சொந்தச் சூட்டினால் அதற்குள் மின்னணுக்கள் சிதறிக்கொண்டிருக்கும். அதைப் படிக்கும் மின்சுற்று தன் பங்குக்கு நடுங்கும். இவை இரண்டுக்கும் அடியில், மிக மெதுவான ஓர் அலைவும் இருக்கக்கூடும். மங்கலான விண்மீன் தரும் ஒளி இந்த நடுக்கத்தைவிடச் சிறியதாகவே இருக்கலாம். விண்ணில் ஏறிவிட்ட தொலைநோக்கியைக் கழற்றிப் பார்க்க வழியில்லை. ஆகவே சில்லு எப்படி நடுங்கும் என்பதைத் தரையிலேயே கணிப்பொறியில் செய்து பார்த்து, அதை உண்மையான அளவீட்டோடு ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துப்போனால் சில்லு நமக்குப் புரிந்திருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் நாம் அறியாத ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது.

எங்கள் பேச்சில் கணிப்பொறி செய்தது 'போலி'. அளந்து எடுத்தது 'மெய்'. இந்த இரண்டு சொற்களும் நான் கொண்டுவந்தவை. அவற்றை நான் எவ்வளவு பெருமையோடு கொண்டுவந்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவைப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என் ஊர். இயற்பியலில் முதுகலை முடித்த பிறகு, எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மின்னணுச் சோதனை மையத்தில் சேர்ந்தேன். மொத்தம் ஒன்பது பேர். நூற்பாலைகளுக்கு மின்னணுக் கருவிகளைச் சரிபார்த்துத் தருவதுதான் முதன்மை வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வடக்கே இருந்த ஓர் ஆய்வு நிறுவனம், விண்ணுக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்த ஒரு தொலைநோக்கிக்காக அகச்சிவப்புச் சில்லு ஒன்றின் இரைச்சலை ஆராயும் பொறுப்பில் ஒரு துண்டை எங்களுக்குக் கொடுத்தது. ஓராண்டுக்கு மட்டும். நன்றாகச் செய்தால் நீட்டிப்பார்கள்.

மையத்தின் தலைவர் சுப்பராஜா அவர்கள் ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபதாண்டு இருந்துவிட்டு வந்தவர். அங்கே நூலின் தடிப்பையும் மெலிவையும் ஓர் இயந்திரம் கோடாக வரைந்து தரும். அந்தக் கோட்டைப் பார்த்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்த ஷிப்டில் யார் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடுவாராம். நூலில் ஒரு தடிப்பு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது பஞ்சின் குணம் அன்று, இயந்திரத்தின் கோளாறு என்பது அவருடைய முதல் பாடம். இரைச்சலையும் அவர் அப்படியே படித்தார். சட்டைப் பையில், நூலிழைகளை எண்ணுவதற்கான மடக்குக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் அச்சுத்தாள்களைத் தொடுவதற்கு முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். இரண்டு தாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டவைத்து, வெளிச்சத்துக்கு எதிரே அந்த மடக்குக் கண்ணாடியால் புள்ளி புள்ளியாகப் பார்ப்பார். அதுவரை அறையில் யாரும் பேசக் கூடாது.

வீட்டில் அவர்கள் தெலுங்கு பேசுபவர்கள். ஏதாவது கண்ணில் பட்டால் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் "சூடு" என்பது. பார் என்று பொருள். நான் சேர்ந்த புதிதில், அவர் சூடு என்றதும் பதறிப்போய்ச் சோதனை மேசையிலிருந்த மின்சுற்றைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அந்தோணி சிரித்துவிட்டார்.

"மேடம், சார் சூடுன்னா பாருன்னு அர்த்தம். நம்ம டிடெக்டருக்குச் சூடுன்னா சூடுதான். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீக."

அந்தோணி எங்கள் தொழில்நுட்ப உதவியாளர். அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் கை பழகியவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மையத்தில் ஐந்து ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளராக இருந்தார். அவரை நிரந்தரமாக்கும் ஆணை, இந்தக் கதை நடந்த மாதக் கடைசியில் அறக்கட்டளையின் கையெழுத்துக்குப் போக இருந்தது. மெய்யை எடுப்பது முழுக்க அவர் பொறுப்பு. போலியைச் செய்வது என் பொறுப்பு.

மெய் எடுப்பது எளிய காரியமில்லை. சில்லைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால்தான் அதன் சொந்தச் சூடு அடங்கும். எங்கள் பக்கத்தில் திரவ நைட்ரஜன் வைத்திருந்தவர்கள், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் கால்நடைத் துறையினர் மட்டுமே. அறக்கட்டளையின் கடிதத்தைக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கேனில் வாங்கி, அதைப் பேருந்தில்தான் அந்தோணி கொண்டுவருவார். மூடியோரம் வெண்புகை கசிந்துகொண்டே இருக்கும்.

"என்னய்யா அது, பொகையுது?" என்று கண்டக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பாராம்.

"மாட்டு மருந்துண்ணே."

"மாட்டுக்கு எதுக்கு இம்புட்டுப் பொக? எறங்குறியா, வண்டிய ஸ்டேசனுக்கு விடச் சொல்லவா?"

இதை அந்தோணி நடித்துக் காட்டும்போது சுப்பராஜா அவர்களே சிரிப்பார்.

நாங்கள் அளவீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அன்றைக்கு ஆலைகள் மூடியிருப்பதால் மின்னழுத்தம் அவ்வளவாக ஏறி இறங்காது. அன்றும்கூட மின்வாரியத்தின் மின்சாரத்தை நம்பாமல், கார் பேட்டரிகளில்தான் அந்தோணி சுற்றை ஓட்டுவார். ஏழு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். பதிவை ஒரு பிளாப்பியில் போட்டுத் திங்கள் காலை என்னிடம் தருவார். அதை நான் மையத்தில் இருந்த ஒரே வன்தட்டுக் கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டு, பிளாப்பியைத் துடைத்து அவரிடம் திருப்பித் தருவேன். பிளாப்பிகள் எங்களிடம் குறைவாக இருந்தன. பிறகு, அந்தோணி தாளில் குறித்திருக்கும் சில்லின் வெப்பநிலையை என் நிரலில் கொடுத்துப் போலியை ஓட்டுவேன். போலி முடிந்த பிறகே இரண்டையும் ஒப்பிடலாம். முன்கூட்டியே மெய்யைப் பார்த்துவிட்டால், போலியை அதற்கேற்ப வளைக்க மனம் போகும் என்பது சுப்பராஜா அவர்களின் கட்டளை. அவர் யாரையும் நம்பவில்லை. தன்னையும் சேர்த்தே நம்பவில்லை என்பதால் அது எங்களுக்கு அவமானமாகப் படவில்லை.

தொடக்க மாதங்களில் கோப்புகளுக்கு 'டெஸ்ட்' என்றுதான் பெயர் வைத்தோம், பின்னால் ஓர் எண்ணோடு. அதை மாற்றியது நான். அந்தக் காலத்தில், நம் மொழியில் சொல்ல முடியாத எதையும் நாம் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று உறுதியாக நம்பினேன். நூற்பாலைத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் அறிவியல் பற்றித் தமிழில் பேசி வந்தேன். எனவே எங்கள் கோப்புகளுக்கு 'இரைச்சல்' என்று பெயர் வைக்கத் தீர்மானித்தேன். கணிப்பொறிக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும். ஐ, ஆர், ஏ, ஐ, சி, ஹெச், ஏ, எல். அதன் பின்னால் மெய்க்கு ஓர் எம், போலிக்கு ஒரு பி.

"ஏம்மா, நூலுக்கு நூல்னு பேரு. நாய்ஸுக்கு நாய்ஸ்னு பேரு. எதுக்கு இவ்வளவு நீளம்?" என்றார் சுப்பராஜா.

அந்தோணி எனக்குப் பரிந்து வந்தார். "இருக்கட்டும் சார். நாய்ஸ்னா எங்கயோ நாய் கொலைக்குத மாதிரி இருக்கு. மேடம் வச்ச பேரு தேவல."

புதிய பெயரில் முதல் அளவீடு நடந்த வாரம் சுப்பராஜா அவர்கள் கோயம்புத்தூர் போயிருந்தார். திங்கட்கிழமை அந்தோணி தந்த பதிவை ஏற்றினேன், பிளாப்பியைத் துடைத்தேன், போலியை ஓட்டினேன், ஒப்பிட்டேன். மெய்யின் நடுக்க அளவும் போலியின் நடுக்க அளவும் அச்சான கடைசி இலக்கம் வரை ஒன்றாக வந்தன. அதற்கு முந்தைய மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தது. அதைச் சரிசெய்வதற்காக நான் சேர்த்திருந்த திருத்தங்கள் பலித்துவிட்டன என்று நினைத்தேன். நிறுவனம் குறித்த நாள் நெருங்கியதால், எண்களின் சுருக்கத்தை அன்றே தபாலில் அனுப்பினேன். எனக்குச் சாதகமாக வந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வாக்கியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வாரக் கடைசியில், சனிக்கிழமை, சுப்பராஜா அவர்கள் வந்து, கோடுகளாக அச்சிட்ட தாள்களைக் கேட்டார். கை கழுவி வந்து, மெய்யையும் போலியையும் ஜன்னலில் வைத்தார். மடக்குக் கண்ணாடியை எடுத்தவர், அதைப் பயன்படுத்தாமலே திரும்பப் பையில் போட்டார்.

"சூடு" என்றார்.

இரண்டு கோடுகளும் ஒரே கோடாக விழுந்திருந்தன. ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு பள்ளமும். இரண்டு இரைச்சல்கள் ஒரே குணத்தோடு இருக்கலாம், ஒரே அளவில் நடுங்கலாம். ஆனால் அவை ஒருபோதும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருக்கவே முடியாது. ஒன்று மற்றொன்றின் நகல். போலியைச் செய்ய ஒரு நிரல் இருந்தது. ஆகவே நகல் எது என்பதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை.

அந்தோணியைக் கூப்பிட்டார்.

"இது என்னப்பா?"

"மெய் சார். ஞாயித்துக்கெழம நா எடுத்தது."

"அது?"

"மேடத்தோட போலி."

"ரெண்டுக்கும் ஒரு மயிரிழ வித்தியாசம் இல்லையே. எப்படி?"

அந்தோணி ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நெடுநேரம் பார்த்தார். "தெரியல சார். எனக்கே வெளங்கல."

"நைட்ரஜன் எம்புட்டு வாங்குன?"

சுப்பராஜா அவர்கள் கால்நடைத் துறையின் ரசீதை மேசையில் வைத்தார். அந்த வாரம் அவர்களிடமே இருப்புக் குறைவு. அரைக் கேன்தான் கொடுத்திருந்தார்கள்.

"அரைக் கேன் மூணு மணி நேரம் தாங்கும். தாள்ல ஏழு மணி நேரம்னு எழுதியிருக்க."

"மிச்சத்துக்கு வேற எடத்துல வாங்குனேன் சார்."

"எங்க?"

"அத மட்டும் கேக்காதீக. பதிவேட்டுல ஏத்தாமக் குடுத்தாக. நல்ல மனசுல குடுத்தவிய. பேரச் சொன்னா அவியளுக்குத்தான் சங்கடம்."

"பேரில்லாத ஆளு, ரசீதில்லாத நைட்ரஜன், போலி மாதிரியே ஒரு மெய். நா எத நம்பட்டும்?"

அப்போது சுப்பராஜா அவர்கள் என்னைப் பார்த்தார். நான் ஒன்று சொன்னேன். அது உண்மை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்தோணி என்னுடைய போலி நிரலின் படி ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார், கற்றுக்கொள்வதற்காக. அதைச் சொன்னேன். உண்மையைத்தானே சொல்கிறோம் என்ற நிம்மதியோடு சொன்னேன். அந்தோணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

"நா சொல்லியனுப்புற வரைக்கும் வர வேண்டாம்" என்றார் சுப்பராஜா. "சாவிய வச்சிட்டுப் போ."

திங்கட்கிழமை பிற்பகல் அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வன்தட்டில் மெய்க்கோப்பு எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். அந்தோணி எப்போது நகல் எடுத்தார் என்பதை உறுதி செய்துகொண்டு, அறக்கட்டளைக்கு எழுதிவிடலாம் என்பது அவர் எண்ணம். எங்கள் அளவீட்டுக் கோப்புகளின் பட்டியலைத் திரைக்குக் கொண்டுவந்தேன். பெயர் மாற்றிய பிறகு முதல்முறையாக அந்தப் பட்டியலைப் பார்த்தேன். அதுவரை பெயரைத் தட்டச்சு செய்து கோப்பைக் கேட்பேன், அது வரும். பட்டியலைப் பார்க்கத் தேவை இருந்ததில்லை.

இரண்டு கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்தோணி ஒன்றை அழித்துவிட்டார் என்றுதான் அப்போதும் முதலில் நினைத்தேன். என் சந்தேகம் அவ்வளவு பழகிப்போயிருந்தது. பிறகு பெயரைப் படித்தேன். ஐ, ஆர், ஏ, ஐ, சி, ஹெச், ஏ, எல். எம்மும் இல்லை, பியும் இல்லை. எட்டு எழுத்தோடு நின்றிருந்தது.

அந்நாளைய கணிப்பொறி கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம் கொடுக்கும். இது எனக்குத் தெரியாத செய்தியன்று. ஆனால் நீளமான பெயரைக் கொடுத்தால் அது மறுக்கும் என்று நினைத்திருந்தேன். அது மறுப்பதில்லை. முதல் எட்டு எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஓசையில்லாமல் தள்ளிவிடும். இரைச்சல் என்ற சொல் ஆங்கில எழுத்தில் மிகச் சரியாக எட்டு. மெய்யையும் போலியையும் பிரித்துக் காட்டிய ஒன்பதாம் எழுத்து ஒருநாளும் அந்த இயந்திரத்துக்குள் போனதே இல்லை. அந்தோணியின் மெய்யை நான் ஏற்றினேன், அவருடைய பிளாப்பியைத் துடைத்தேன், பிறகு போலியை ஓட்டி அந்த மெய்யின் மேலேயே எழுதினேன். மெய்யைக் கொடு என்று கேட்டபோதும் போலியைக் கொடு என்று கேட்டபோதும் கணிப்பொறி அதே ஒரு கோப்பைத்தான் எடுத்துக் கொடுத்தது. ஏழு மணி நேர உழைப்பை அழித்தது என் கை. எங்கள் மொழிமேல் எனக்கிருந்த பற்று அதற்கு வழி செய்தது.

இதை அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சுப்பராஜா அவர்களின் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

நான் யோசித்தேன். எதையும் விளைவுகளை எடைபோட்ட பிறகே செய்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை நற்குணம் என்றே நானும் எண்ணியிருந்தேன். சுருக்கம் நிறுவனத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற்றால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போகலாம். அப்படியானால் ஒன்பது பேரில் நான்கு பேருக்கு வேலை இல்லை. ஒருவருக்கு நேர்ந்த அநீதியையும் நான்கு பேரின் வாழ்க்கையையும் எப்படி ஒப்பிடுவது? இப்படியெல்லாம் எனக்குள் நேர்மையாகவே விவாதித்தேன். அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி என்பதை மட்டும் அந்த விவாதத்தில் சேர்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சுப்பராஜா அவர்கள் கேட்டார்: "பாத்தியாம்மா?"

"இன்னும் சரியாத் தெரியல சார். பாக்குறேன்."

புதன்கிழமையும் அதே பதில். வியாழக்கிழமை அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு தாளைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார். அறக்கட்டளைக்கும் ஆய்வு நிறுவனத்துக்கும் எழுதிய கடிதம். அளவீட்டைப் போலியாகத் தயாரித்ததற்காகத் தொழில்நுட்ப உதவியாளர் நீக்கப்படுகிறார் என்று இருந்தது. அந்தோணியின் முழுப்பெயரும் தந்தை பெயரும் ஊரும். அந்தப் பெயரை அடிக்க விரல் வரவில்லை. எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

நான் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு, "அவன் வீட்டுலருந்து வந்து அழுதாங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"எரக்கப்பட்டு எதையும் சொல்லாத. ஒனக்கு அந்தக் குணம் உண்டு. ஏழப்பட்டவன்னா நீ விட்டுக் குடுக்க மாட்ட."

நான் ஒப்புக்கொண்டதையும் அவர் சந்தேகித்தார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். கணிப்பொறி முன்னால் வந்து உட்கார்ந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ராஜபாளையம் கிழக்கு என்று இடைவெளி விடாமல் ஒரு பெயர் கொடுத்து, அதற்குள் ஒன்று என்ற எண்ணை எழுதினார். ராஜபாளையம் மேற்கு என்று இன்னொன்று, அதில் இரண்டு. பிறகு கிழக்கைத் திறந்தார். இரண்டு என்று வந்தது. எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்து மறுபடியும் செய்தார். மறுபடியும் இரண்டு.

"ஊருக்கே வாலு போச்சு" என்றார் மெதுவாக. பிறகு, "நானும் அன்னைக்கு ரெண்டு தாளத்தான் பாத்தேன். ரெண்டு ஃபைலு இருக்கான்னு பாக்கலியே" என்றார். அவர் எழுதிய கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

மறுநாள் அந்தோணியின் வீட்டுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. அவர் மனைவி ரெஜினா வாசலிலேயே நின்றார்.

"வாங்க மேடம். சந்தேகம் தீந்துருச்சா, இன்னும் மிச்சம் இருக்கா?"

உள்ளே அந்தோணி யாருடைய ரேடியோவையோ பிரித்துப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். எழுத்துகளை விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் முதலில் சிரித்தார்.

"அப்ப நாய்ஸ்னே வச்சிருந்தா நா வேலைல இருந்திருப்பேன்."

"ஆமா."

"அந்தப் பேரு தேவலன்னு சொன்னது வேற நாந்தான்." திருப்புளியைக் கீழே வைத்தார். "மேடம், நீங்களும் நம்புனீகளா? நாந்தான் செஞ்சேன்னு."

"நம்பினேன்."

"சரி. இல்லன்னு சொல்லியிருந்தா ஒங்கள எந்திரிச்சுப் போகச் சொல்லியிருப்பேன்." பிறகு, ஏதோ நினைவுக்கு வந்தது போல, "எப்பக் கண்டுபிடிச்சீக?" என்றார்.

"திங்கட்கிழமை."

ரெஜினா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார். அந்தோணி விரலை மடக்கினார். "செவ்வா, பொதன், வியாழன், வெள்ளி. நாலு நாளு." அவர் குரல் உயரவில்லை. "வியாழக்கெழம எங்க மாமனாரு செட்டியார்பட்டிலருந்து வந்தாரு. 'என்னத்தத் திருடுனீகன்னு ஊருல கேக்காக மாப்ள, நா என்ன சொல்லட்டும்'னாரு. எம் பொண்டாட்டி முன்னாடி கேட்டாரு. அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

ரெஜினா அடுப்படிக்குத் திரும்பிப் போனார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"திங்கக்கெழம வாரேன்" என்றார் அந்தோணி. "கடுதாசி எழுதுவீகல்ல, அவியளுக்கு? பிழ ஒங்களோடதுன்னு எழுதுவீக, அது தெரியும். அந்த நாலு நாளையும் சேத்து எழுதிருங்க."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் வந்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தார். அரைக் கேனுக்கு மேல் தேவைப்பட்டதைப் பிளவக்கல் பக்கம் போய்விட்டு வரும் பேருந்தில் கொண்டுவந்தார். எந்த ஊரில், யார் கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. மெய்க்கு 'மெய்' என்றே பெயர் வைத்தோம். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஜன்னலில் வைத்தபோது இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தனித்தனியே ஓடின. எனக்கு அது கண்ணீர் வரும்படியான காட்சி. ஆனால் சுப்பராஜா அவர்கள் கண்ணாடியை எடுத்துப் பார்த்து, "அடியில என்னமோ மெதுவா ஏறுது" என்றார். மெய்யில் மிக மெதுவான ஓர் அலைவு இருந்தது. என் போலியில் அது மிகச் சிறியது. நான் சேர்த்திருந்த திருத்தங்கள் எதையும் திருத்தவில்லை. அந்த முதல் சுருக்கத்தை நிறுவனம் நம்பியிருந்தால், மங்கலான விண்மீனை நெடுநேரம் பார்க்கும்போது அந்த அலைவையே விண்மீன் என்று எண்ணியிருக்கக்கூடும். ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அந்தோணியின் ஆணை இரண்டு மாதம் தாமதித்து வந்தது.

இனிக் கடிதத்தைப் பற்றி. அறக்கட்டளைக்கும் நிறுவனத்துக்கும் சொன்னபடி எழுதினேன், நான்கு நாட்களையும் சேர்த்து. சுப்பராஜா அவர்கள் படித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலால் ஒரு வரியை அடித்தார்.

"இது எதுக்கும்மா? பிழ எப்படி வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். நீ என்னைக்குச் சொன்னங்கிறது நம்ம வீட்டுக் கத."

நியாயமாகத்தான் பட்டது. அவர் அடித்ததில் எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. கடிதம் அந்த வரி இல்லாமல் போயிற்று. படி ஒன்றை அந்தோணியிடம் கொடுத்தேன். நின்றவாறே படித்தார், முடிவு வரை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கேன் எடுக்கப் போணும் மேடம், பஸ்ஸு போயிரும்" என்றார். அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் அதைக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

அடிக்கப்பட்ட வரி இது: 'பிழை என்னுடையது என்பதைத் திங்கட்கிழமை பிற்பகலே அறிந்திருந்தும், குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் இருக்க, வெள்ளிக்கிழமை வரை நான் அதைச் சொல்லவில்லை.' மலரில் இடம் போதாமல் இந்தக் கட்டுரையைச் சுருக்க நேர்ந்தால், ஆசிரியர் குழுவினர் வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இந்த வரியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.